தென்புலத்தாரும் விருந்தினரும்

நுவரெலியாவுக்குக் கிழக்கே, கந்தப்பளையின் தேயிலை மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் நெடிய கட்டடமொன்று நிற்கிறது. அடுக்கடுக்கான மாடிகளும் நிரைநிரையான சன்னல்களும் கொண்ட அதனைத் தொலைவிலிருந்து காண்போர், மலைநாட்டில் எங்கும் காணக்கூடிய தேயிலைத் தொழிற்சாலைகளுள் ஒன்றென்றே கருதுவர். அவ்வாறு கருதுவதில் தவறுமில்லை. 1930களிற் கட்டப்பட்ட ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலையே அது. தோட்டத்து மக்களின் வழக்கிற் சொல்வதாயின் 'இஸ்டோர்'. பின்னர் அது மூடப்பட்டு வெறுமையாய்க் கிடந்தது. 1996ஆம் ஆண்டில் உல்லாச விடுதியாகப் புத்துயிர் பெற்றது. பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கென அமைந்திருந்த மேல்மாடிகளிலே இன்று விருந்தினர் துயில்கின்றனர். பழைய எந்திரமும் பெருவிசிறிகளும் அகற்றப்படாது பேணப்படுகின்றன. விரும்பும் விருந்தினர் தாமே கொழுந்து கிள்ளிப் பார்க்கவும் அங்கு வசதியுண்டு.

இது தனித்ததொரு நிகழ்ச்சியன்று. நுவரெலியா நகரிலுள்ள கிராண்ட் ஹோட்டல், தேசாதிபதி எட்வேட் பான்ஸ் தமக்கென 1828இல் அமைத்த மாளிகையிலிருந்து வளர்ந்தது. ஹட்டனுக்கு அப்பால், காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் விடுதிகளாகியுள்ளன. உழைப்பின் இடங்களும் அதிகாரத்தின் இடங்களும் ஓய்வின் இடங்களாக மாறுவது மலைநாட்டின் அண்மைக்கால வரலாற்றுப் போக்குகளுள் ஒன்று. பழைய கட்டடமும் குளிரும் மூடுபனியும் கூடுமிடத்துப் பேய்க்கதைகளும் கூடுவது இயல்பு. நள்ளிரவிற் கேட்கும் காலடியோசை, ஆளில்லா அறையில் எரியும் விளக்கு என்றவாறு அக்கதைகள் நீளும். அஞ்சுவதற்கென்றே பணம் கொடுத்து அத்தகைய இடங்களைத் தேடிச் செல்வோரும் உளர்.

இங்கு எழும் வினா பேய் உண்டா இல்லையா என்பதன்று. பிறர் உழைத்தும் நொந்தும் மாண்டும் போன ஓரிடத்தில் இன்பமாக ஓரிரவு தங்குவது எந்நிலையில் அறத்தோடு பொருந்தும் என்பதே அது. வினாவைத் தெளிவாகக் காண, மலைநாட்டிலிருந்து சற்று விலகி, உலகறிந்த ஒரு கப்பலை முதலில் நோக்குதல் தகும்.

'குயீன் மேரி' என்னும் பெருங்கப்பல் 1934இல் ஸ்கொத்லாந்தில் நீரில் இறக்கப்பட்டு, 1936இல் அத்திலாந்திக் கடலிற் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அது படையினரைச் சுமக்கும் கப்பலாயிற்று. சாம்பல் நிறம் பூசப்பட்டு விரைந்து சென்று மறைந்தமையால் 'சாம்பல் நிறப் பேய்' என்ற பட்டப்பெயரையும் பெற்றது. 1942 ஒக்டோபர் 2ஆம் திகதி, அயர்லாந்துக்கு அப்பாற்பட்ட கடலில், தனக்குக் காவலாக வந்த 'குராசோ' என்னும் போர்க்கப்பலின் மீதே அது மோதி அதனை இரண்டாகப் பிளந்தது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பகைவரின் நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி, எக்காரணங்கொண்டும் இடையில் நிற்கலாகாது என்பது குயீன் மேரிக்கு இடப்பட்ட கட்டளை. ஆதலின் நீரிற் தத்தளித்தோரைக் காப்பாற்ற அது நிற்கவில்லை. 1967இல் இறுதிப் பயணத்தை முடித்த அக்கப்பல், கலிபோர்னியாவின் லோங் பீச் துறைமுகத்திற் கட்டப்பட்டு, 1972இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. இன்று அதன் பெரும்புகழ், பேய் உலவும் கப்பல் என்பதாகும். இருண்ட அடித்தளங்களுக்கு விருந்தினரை அழைத்துச் சென்று ஆவிகளின் கதை கூறும் உலாக்களுக்குக் கட்டணம் பெறப்படுகிறது.

நிற்க முடியாத அந்தக் கப்பல் இப்போது நிலையாக நிற்கிறது. ஆனால் அதனுள் நுழைவோர் எதன்பொருட்டு நிற்கின்றனர் என்பதே கேள்வி. 1942இன் அந்த நாளை எண்ணி நிற்போரும் இருப்பர். எனினும் பேயுலா தருவது பெரும்பாலும் வேறொன்று. மாண்டவரின் துயரிலிருந்து துயரைக் களைந்துவிட்டு, அச்சத்தை மட்டும் வடித்தெடுத்து அது வழங்குகிறது. அச்சம் ஒரு மணிநேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் விருந்தினர் எவருக்கும் எதற்கும் கடன்பட்டவரல்லர்.

பேய் பற்றிய நம்பிக்கையை எள்ளி ஒதுக்குதல் எளிது. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராய் விளங்கி 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர், பேய் உலவுவதாகக் கூறப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு நேரிற் சென்று ஆராய்ந்தவர். அமானுட ஆற்றலை மெய்ப்பிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபா அளிப்பதாக அவர் விடுத்த அறைகூவலில் எவரும் வென்றிலர். கோவூரின் பணியைப் பேய்களை ஓட்டிய பணியென்று மட்டும் கருதுவது அதனைக் குறைத்து மதிப்பதாகும். அத்தகைய வீடுகளிற் பெரும்பாலும் அவர் கண்டது, அங்கு வாழ்ந்த ஒருவரின் வெளிச்சொல்லப்படாத மனத்துயரை. பேய் இல்லை என்று நிறுவியதோடு அவர் அமையவில்லை. அவ்வீட்டில் யாருடைய துயர் கேட்கப்படாதிருந்தது என்றும் வினவினார். பகுத்தறிவு இவ்விரண்டாவது வினாவையும் எழுப்பும்போதே முழுமை பெறுகின்றது.

தமிழர் மரபும் ஏறத்தாழ இதனையே வேறொரு மொழியிற் கூறுகின்றது. நம் கதைகளில் வரும் பேய் வெறுமனே அச்சுறுத்துவதற்காகத் தோன்றுவதில்லை. அதற்கு ஒரு வழக்கு உண்டு. பழையனூர் நீலியின் கதை இதற்குச் சான்று. முற்பிறவியிற் கணவனாற் கொல்லப்பட்டவள், பேயாகி, பெண்ணுருக்கொண்டு, ஊரவைக்கு வந்து முறையிடுகிறாள். அவள் நிற்கும் இடம் இருட்டன்று, மன்றம். அவள் செய்த வஞ்சனை ஏற்கத்தக்கதா என்பது வேறு செய்தி. தீர்க்கப்படாத முறைப்பாடு இறந்தபின்னும் மன்றுக்கு வரும் என்று அக்கதையை வழங்கிய மக்கள் கருதினர் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. சுருங்கக் கூறின், பேய் என்பது செலுத்தப்படாத கடனின் உருவம்.

இக்கருத்தைக் கொண்டு மலைநாட்டை மீண்டும் நோக்கினால் ஒரு வியப்பு எதிர்ப்படும். பங்களாக்களைப் பற்றிய கதைகளில் வரும் ஆவி பெரும்பாலும் ஒரு துரையாகவோ துரைசானியாகவோ இருக்கும். அவருக்குப் பெயருண்டு, அறையுண்டு, கல்லறையுண்டு. நுவரெலியாவிலுள்ள மேஜர் தோமஸ் றொஜர்ஸின் கல்லறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1,400 வரையிலான யானைகளைக் கொன்றவரென்று கூறப்படும் இவ்வதிகாரி, 1845இல் ஹப்புத்தளைப் பகுதியில் மின்னல் தாக்கி மாண்டார். கொல்லப்பட்ட யானைகளின் பழி தீராமையால் அவரது கல்லறைக் கல்லையும் இடி மீண்டும் மீண்டும் தாக்கிப் பிளந்ததென்று மக்கள் கதை சொல்வர். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், அதில் ஒரு நீதியுணர்வு உண்டு. யானைகளுக்கும் ஒரு வழக்குண்டென்று அது ஏற்கிறது.

ஆனால் அதே மலைகளிற் பாதை வெட்டியும் காடழித்தும் மாண்ட தொழிலாளருக்கு அவ்வாறான கதைகூட எஞ்சவில்லை. தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தவர்களுட் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தனர். வீழ்ந்த இடத்திற் கல் நடப்படவில்லை. 1864ஆம் ஆண்டில் ஆதிலட்சுமி என்னும் கப்பல் தொழிலாளரோடு மூழ்கியமை மலையக வரலாற்றில் நினைவுகூரப்படுகிறது. கப்பலின் பெயர் எஞ்சியது. அதில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்வார் இல்லை. குயீன் மேரியின் ஆவிகளைக் காணக் கடல்கடந்து செல்வோர் உளர். ஆதிலட்சுமியின் ஆவிகளைத் தேடிச் செல்லும் உலா எதுவும் இல்லை. வாழ்வில் நிலவிய ஏற்றத்தாழ்வு சாவுக்குப் பின்னும் தொடர்கின்றது. பேயாக நினைக்கப்படுவதற்குக்கூட ஒருவருக்கு முன்னதாக ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

எனினும், தோட்டத்து மக்கள் ஆவியுலகை முற்றாகத் துரைமாரிடம் விட்டுவிடவில்லை. கவ்வாத்துக் காலத்திற் கவ்வாத்துச்சாமியை வணங்கினர். தொழிற்சாலையின் எந்திரத்துக்கும் காவலாக ஒரு தெய்வத்தை அமைத்து, 'ரோதைமுனி' என அழைத்தனர். ரோதை என்பது சக்கரம். ஊரிலிருந்து முனியாண்டியைக் கொண்டுவந்த மக்கள், நீராவியாலும் எண்ணெயாலும் சுழலும் சக்கரத்துக்குள்ளும் ஒரு முனியைக் கண்டனர். கையையும் விரலையும் பறிக்கவல்ல எந்திரத்தின் அருகில் நாளெல்லாம் நிற்பவர்க்கு, அதன் சினத்தைத் தணிக்க ஒரு படையல் தேவைப்பட்டது. ஆங்கே அச்சம் விலைக்கு விற்கும் பண்டமன்று. உயிரோடு வீடு திரும்புவதற்கான வேண்டுதல். விருந்தினர் தேடும் பேய் ஓரிரவு அச்சுறுத்திவிட்டு மறைவது. ரோதைமுனியோ ஆண்டுதோறும் தன் பங்கைக் கேட்பது, பெற்றபின் காப்பது. முன்னது வேடிக்கை, பின்னது உறவு. ஓடாத எந்திரம் காட்சிப்பொருளாகும்போது அதற்குப் படையலிடுவாரும் இல்லாதொழிவர். கண்ணாற் காணக்கூடிய இரும்பைப் பேணுதல் எளிது. அதனருகே நின்றவர்களின் அச்சத்தையும் நம்பிக்கையையும் பேணுதல் அரிது.

இவ்விடத்தில் எதிர்வாதங்களையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். ஹெதர்செட் தொழிற்சாலை விடுதியாகியிராவிடில் என்னவாகியிருக்கும்? கைவிடப்பட்ட பல தொழிற்சாலைகளைப் போலத் துருப்பிடித்து இடிந்திருக்கும். எந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். குயீன் மேரியும் உடைக்கப்பட்டிருக்கும். விடுதியாக்கியமையாற் கட்டடம் பிழைத்தது, வேலைவாய்ப்புத் தோன்றியது, தேயிலையைக் கோப்பையில் மட்டுமே அறிந்த அயலார் அது வரும் வழியைக் காணவும் நேர்ந்தது. மேலும், துயர் நிகழ்ந்த இடங்களில் எல்லாம் இன்பத்தை விலக்குவதாயின், மனிதர் வாழத்தக்க இடம் உலகில் எஞ்சாது. எந்த வயலின் அடியிலும் யாரோ ஒருவரின் வியர்வை உண்டு. இவை தள்ளத்தக்க வாதங்களல்ல. பழைய இடத்திற் புதிய வாழ்வு தொடங்குவது குற்றமென்று கூறுதல், இறந்தோருக்காக வாழ்வோரைத் தண்டிப்பதாகும்.

எனவே, விடுதி இருத்தல் கூடாதென்பது முடிவாகாது. எந்த ஒழுங்கில் அது இருத்தல் வேண்டும் என்பதே ஆராயத்தக்கது. அவ்வொழுங்கை வகுக்கத் திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் துணைசெய்கிறது. இல்லறத்தான் பேணவேண்டியவர்களாகத் தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என ஐவரை வள்ளுவர் ஒரே நிரலில் வைக்கின்றார். தென்புலத்தார் என்பதற்கு இறந்த முன்னோர் என்று பொருள்கொள்வது பெருவழக்கு. விருந்தோம்பலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தவர் அவர். அத்தகையவரும் இந்நிரலில் விருந்தினரைத் தனித்து நிறுத்தவில்லை; ஒருபுறம் இறந்தோரும் மறுபுறம் உயிரோடிருக்கும் சுற்றத்தாரும் இருக்க, இடையே விருந்தினரை வைத்தார். விருந்தினருக்கு இலை போடும் வீட்டில் முன்னோருக்கும் ஒரு பங்கு உண்டு, சுற்றத்தாருக்கும் ஒரு பங்கு உண்டு.

விடுதி இல்லமன்று, அங்கு விருந்தோம்பல் விலைக்கு வழங்கப்படுகிறது என்று எவரேனும் கூறலாம். உண்மையே. ஆயினும், தான் ஓர் இல்லமென்று வருவோர் உணரவேண்டும் என்பதே எந்த விடுதியும் விரும்புவது. பழமையை விற்கும் விடுதியோ, தனக்கு முன்னோர் உண்டென்று தானே பறைசாற்றுகின்றது. இல்லத்தின் பெயரையும் முன்னோரின் பெருமையையும் ஏற்றுக்கொள்ளும் ஒன்று, இல்லத்தின் கடனை மட்டும் மறுத்தல் முறையாகாது.

அக்கடனிற் சுற்றத்தாரின் பங்கே இன்று மிகவும் மறக்கப்படுவது. தொழிற்சாலைகளையும் பங்களாக்களையும் சூழ்ந்திருக்கும் லயங்களில், அங்கு உழைத்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் மூதாதையரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் நீலகிரிக்குப் போக, மற்றொருவர் நுவரெலியாவில் எஞ்சினார். நாடற்றோராய் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கல்லறையை நினைவில் வைத்திருக்கத்தக்கவர்கள் கடலின் இருபுறமும் சிதறிப்போயினர் என்பதை எண்ணினால், மலைநாட்டில் முன்னோர் பெயரற்றுப் போனமைக்கு மறதி மட்டும் காரணமன்று என்பது புலனாகும். நினைவுகூர வேண்டியவர்களே பெயர்த்தெறியப்பட்டனர்.

இந்நிலையில் அச்சுவைக்காகப் பேயைத் தேடுதல் ஒருவகைத் தப்பித்தலாகின்றது. மாடியில் உலவும் துரைசானியின் ஆவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், மலைச்சரிவின் கீழே ஒழுகும் கூரையின் கீழ் உறங்கும் குழந்தை கண்ணுக்குத் தெரிவதில்லை. இறந்தோரைக் காண்பதாகக் கூறும் கண், உயிரோடிருப்போரைக் காணாதிருக்குமாயின் அது காட்சியன்று, குருட்டுத்தன்மை. அதற்கு மறுதலையான காட்சி ஒன்று 2023இல் நிகழ்ந்தது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது. முன்னோர் நடந்த வழியைப் பின்வந்தோர் தம் கால்களாலே மீண்டும் அளந்தனர். நடந்தோர் பேயைத் தேடிச் செல்லவில்லை. காணியும் வீடும் சமவுரிமையும் வேண்டி நடந்தனர். இறந்தோரின் நினைவும் வாழ்வோரின் உரிமையும் அங்கே ஒரே பாதையிற் சென்றன.

பண்டைத் தமிழர் போரிற் பட்டோருக்குக் கல்லெடுத்து, நீராட்டி, பெயர் பொறித்து, நட்டு, படைத்து, வாழ்த்தினர். தொல்காப்பியம் இதனைப் படிமுறையாக வகுத்துக் கூறுகிறது. பெயரை எழுதுதல் அச்சடங்கின் உயிர்நாடி. மலைநாட்டில் வீழ்ந்தோர் வாளேந்தியவர்களல்லர், மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் ஏந்தியவர்கள். அவர்களின் பெயர்களும் ஒருகாலத்தில் எழுதப்பட்டன. கூலியைக் கணக்கிடுவதற்காகத் தோட்டங்களின் 'செக்ரோல்' ஏடுகளில், நாள்தோறும், ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டன. கூலிக்காக எழுதிய பெயரை நினைவுக்காக ஒருமுறை எழுதுதல் இயலாத செயலன்று. அவ்வேடுகள் அழிந்த இடத்தில், லயத்து முதியோரின் நினைவும் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மக்கள் பாடல்களும் எஞ்சியிருக்கின்றன. பழைய தொழிற்சாலையின் எந்திரத்துக்கு அருகே, அது எங்கு செய்யப்பட்டதென்று கூறும் பலகையோடு, அதனை இயக்கியவர் எவரென்று கூறும் பலகையும் இருத்தல் கூடும். அத்தகைய இடத்தின் வருவாயில் ஒரு பங்கு, அயலிலுள்ள லயத்தின் கூரைக்கும் பள்ளிக்கும் செல்லுதல் கூடும். முன்னது தென்புலத்தாருக்கு உரியது, பின்னது ஒக்கலுக்கு உரியது. இவ்விரண்டும் செலுத்தப்பட்ட இடத்தில் விருந்தினர் உறங்குவதில் எந்தப் பழியும் இல்லை.

விருந்தினருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பணம் செலுத்தியமையால் அவர் அறையைப் பெறுகிறார். அவ்விடத்தின் வரலாற்றிலிருந்து விடுதலை பெறுவதில்லை. பெருவிசிறியின் கீழ் நின்று, இங்கே எத்தனை பேர் வேலைசெய்தனர், அவர்கள் எங்கிருந்து வந்தனர், அவர்தம் பிள்ளைகள் இன்று எங்கே என்று அவர் கேட்டல் வேண்டும். கேட்போர் பெருகினால் விடை கூறவேண்டிய கட்டாயமும் தோன்றும்.

விடியற்காலையிற் கந்தப்பளை மலைகளின் மூடுபனியினூடே, கூடை சுமந்த உருவங்கள் நிரையாக ஏறிச்செல்வது உயரத்துச் சன்னலிலிருந்து தெரியும். முதன்முறை காண்பவருக்கு அவை ஆவிகளோ என்ற மயக்கமும் ஏற்படலாம். அவர்கள் ஆவிகளல்லர். அன்றைய கொழுந்துக்குச் செல்லும் பெண்கள். சன்னலில் நிற்பவர் அவர்களை அவ்வாறே காணத் தொடங்குமிடத்திலேதான், இறந்தோருக்கான மதிப்பும் தொடங்குகின்றது.